செயின்ட் ஆண்ட்ரூஸ்: அதிக ஹேண்டிகேப் விருந்தாளிக்கு ஏற்ற மைதானம்

அதிக ஹேண்டிகேப் உள்ள ஓர் உறவினருக்குக் கோல்ஃப் மைதானம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, தவறிப் போகும் பந்து எங்கே போய் விழும் என்பதுதான். பந்து தொலையாத மைதானத்தில் புதியவரும் நாள் முழுக்க மகிழ்ச்சியாக ஆடுவார். குழிக்கு ஒரு பந்தைப் புதரில் விட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவருக்கு மைதானத்தின் உலகப் புகழ் ஆறுதல் தராது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், ஃபைஃப் பகுதியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் இதை விளங்கிக்கொள்ள மிகப் பொருத்தமான ஊர். அங்கே ஏழு பொது மைதானங்கள் உள்ளன. 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அமைந்த அறக்கட்டளை அவற்றை நிர்வகிக்கிறது. சிறுவர்கள் ஆடும் ஒன்பது குழி மைதானம் முதல் ஓப்பன் போட்டி நடக்கும் ஓல்ட் கோர்ஸ் வரை எல்லாத் தரத்தினருக்கும் அங்கே இடம் உண்டு.

விருந்தாளியின் ஹேண்டிகேப் எண் என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒருவருடைய கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியிலிருந்து இந்த எண் கணக்கிடப்படுகிறது. ஆண், பெண் இருவருக்கும் உச்ச வரம்பு 54. சிறந்த ஆட்டங்களை மட்டுமே எடுத்துக்கொள்வதால், இந்த எண் ஒருவரது திறமையின் உயரத்தைக் காட்டுகிறது. வழக்கமான நாளில் அவர் அதைவிடச் சில ஷாட் கூடுதலாகத்தான் ஆடுவார். பயணக் களைப்பு, இரவல் மட்டை, பழகாத குளிர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே ஹேண்டிகேப் 30 உள்ளவருக்கு மைதானம் பார்க்கும்போது, அவர் 36 உள்ளவர் என்று வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

அடுத்து ஸ்கோர் அட்டையில் இருக்கும் ஸ்லோப் மதிப்பு. 55 முதல் 155 வரை போகும் இந்த எண்ணில் 113 என்பது நடுநிலை. தேர்ந்த ஆட்டக்காரரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்பதையே அது அளக்கிறது. ஹேண்டிகேப் 30 உள்ளவருக்கு ஸ்லோப் 100 உள்ள மைதானத்தில் ஏறத்தாழ 27 ஷாட் சலுகை கிடைக்கும். ஸ்லோப் 130 என்றால் 35. நீளம் சமமாக உள்ள இரண்டு மைதானங்களில் எது விருந்தாளியை வாட்டும் என்பதை இந்த ஓர் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். ஒவ்வொரு டீக்கும் தனி ஸ்லோப் உண்டு. அதனால் அவர் உண்மையில் ஆடப்போகும் டீயின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எண்களுக்குப் பிறகு நிலத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீரையோ பள்ளத்தையோ தாண்டியே ஆக வேண்டிய இடங்கள் எத்தனை என்பது முதல் கேள்வி. மேலே எழும்பாமல் தரையில் உருளும் ஷாட்தான் அதிக ஹேண்டிகேப்காரர் அடிக்கடி அடிப்பது. அந்த ஷாட்டும் முன்னேற வழி இருக்கும் மைதானம் அவருக்கு ஏற்றது. ஃபேர்வேயின் அகலமும், அதன் ஓரத்தில் இருப்பது குட்டைப் புல்லா முட்புதரா என்பதும் இரண்டாவது. தொலைந்த பந்தைத் தேட விதி தரும் நேரம் மூன்று நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு ஷாட் தண்டனையோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது, மணற்குழிகளின் ஆழம். நான்காவது, கிரீனின் மேடுபள்ளம். நீளத்தைக் கடைசியில் பார்த்தால் போதும், ஏனென்றால் முன் டீயிலிருந்து ஆடி அதைக் குறைத்துக்கொள்ளலாம். டிரைவர் மட்டையால் சராசரியாக எத்தனை கெஜம் போகிறதோ அதை 28ஆல் பெருக்கினால் ஏற்ற நீளம் கிடைக்கும் என்று ஒரு கணக்கு கோல்ஃப் உலகில் புழங்குகிறது. 180 கெஜம் அடிப்பவருக்கு அது சுமார் 5,000 கெஜம்.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்க வேண்டிய இடம் ‘ஹிமாலயாஸ்’ எனப்படும் பட்டிங் மைதானம். 1867இல் தொடங்கிய மகளிர் பட்டிங் கிளப்புக்கு உரியது இது. சிறு கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் ஆடலாம். அலையலையாக மேடும் பள்ளமுமான புல்தரையில் பட்டர் ஒன்றே போதும். கோல்ஃபே தெரியாத குடும்பத்தினரும் சேர்ந்து ஆடலாம். விமானத்தில் வந்து இறங்கிய அன்று மாலை விருந்தாளிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. கடற்கரைப் புல்லில் பந்து எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்வார்.

அடுத்தது பால்கோவ். ஒன்பது குழி, பார் 30, நீளம் சுமார் 1,520 கெஜம். சிறுவர்களையும் புதியவர்களையும் மனத்தில் வைத்து அமைத்த மைதானம் என்பதால், 40க்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவர் இங்கே பின்னால் வருபவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடலாம். குட்டையான குழிகளில் அயர்ன் மட்டைகளுக்கு நல்ல பயிற்சியும் கிடைக்கும்.

முழுப் பதினெட்டுக் குழி ஆட வேண்டும் என்றால் ஸ்ட்ராத்டைரம்தான் முதல் தேர்வு. டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1993இல் திறக்கப்பட்ட இது பின் டீயிலிருந்தே சுமார் 5,620 கெஜம்தான். மைதானம் முழுவதிலும் 15 மணற்குழிகளே உள்ளன. ஓல்ட் கோர்ஸில் 112 இருப்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கருணை புரியும். நிலம் சமதளமாக இருப்பதால் வயதானவரும் நடந்து முடிக்கலாம். கிரீன்களின் முன்பக்கம் பெரும்பாலும் திறந்திருப்பதால் உருட்டி அடிக்கும் பந்தும் உள்ளே போய்ச் சேரும்.

அதற்கு ஒரு படி மேலே ஈடன். ஹாரி கோல்ட் 1914இல் அமைத்தது. முகத்துவாரத்தை ஒட்டிய குழிகளும் கோல்ட்டின் கிரீன்களும் உண்மையான லிங்க்ஸ் ஆட்டத்தின் சுவையைக் காட்டும். ஹேண்டிகேப் இருபதுகளில் உள்ளவருக்கு இது நிறைவான நாள். 1895இல் ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்த நியூ கோர்ஸ் இன்னும் கடினம். ஃபேர்வேக்களின் ஓரமெங்கும் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர்கள் நெருங்கி நிற்பதால், பந்தை ஓரளவு நேராக அடிப்பவரைத்தான் இங்கே அழைத்துவர வேண்டும்.

ஜூபிலியையும் காசிலையும் அதிக ஹேண்டிகேப் விருந்தாளிக்குத் தவிர்க்கலாம். விக்டோரியா ராணியின் வைரவிழா ஆண்டான 1897இல் திறக்கப்பட்ட ஜூபிலி, பெண்களுக்காகவும் தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்காகவும் அமைக்கப்பட்டது. பிறகு அது நீட்டப்பட்டது. 1980களின் இறுதியில் டொனால்ட் ஸ்டீல் அதைத் திருத்தி அமைத்தார். கடலுக்கு மிக அருகில், மணல்மேடுகளுக்கு நடுவே குறுகலாக ஓடும் அது இன்று அந்த ஊரின் கடினமான சோதனைகளில் ஒன்று. காசில் கோர்ஸ் டேவிட் மெக்லே கிட் வடிவமைத்து 2008இல் திறந்தது. ஊருக்குக் கிழக்கே செங்குத்துப் பாறைக்கரை மேல் இருக்கிறது. காட்சி அபாரம். ஆனால் கிரீன்களின் மேடுபள்ளமும், பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய பதினேழாவது குழியும், ஏற்ற இறக்கமான நடையும் புதியவரைச் சோர வைக்கும்.

மிச்சம் இருப்பது ஓல்ட் கோர்ஸ். ஓப்பன் போட்டிகள் பல நடந்த இடம், ஆகவே சாதாரண ஆட்டக்காரருக்குத் தாங்காது என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். நிலத்தைப் பார்த்தால் அந்த அச்சத்துக்குக் காரணம் குறைவு. முதல் குழியும் பதினெட்டாவது குழியும் ஒரே அகன்ற புல்வெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏழு பெரிய கிரீன்கள் ஒவ்வொன்றும் இரண்டு குழிகளுக்குப் பொது. முதல் கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடையைத் தவிர, தண்ணீரைத் தாண்ட வேண்டிய கட்டாயம் ஏறக்குறைய இல்லை. தாழ்வாகப் போகும் பந்தும் கெட்டியான தரையில் வெகுதூரம் ஓடும்.

அங்கே ஆடுபவர் மனத்தில் கொள்ள வேண்டிய அறிவுரை ஒன்று உண்டு: இடப்பக்கம் குறிவைப்பது. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் வலப்பக்கம்தான் புதரும் எல்லைச் சுவரும் இருக்கின்றன. இடப்பக்கத்தில் பக்கத்துக் குழியின் ஃபேர்வே விரிந்து கிடக்கிறது. வலக்கை ஆட்டக்காரரில் பெரும்பாலான புதியவர்களின் பந்து வலப்பக்கமே வளையும் என்பதால் இது இன்னும் முக்கியம். பதினான்காவது குழியில் ‘ஹெல்’ என்ற பெரிய மணற்குழி காத்திருக்கிறது. பதினேழாவது ‘ரோட்’ குழியில் விடுதிக் கட்டடத்தின் மூலைக்கு மேலாக அடிக்காமல் இடப்பக்கம் சுற்றிப் போகலாம். கிரீனை எட்ட முயலாமல் அதற்கு முன்னால் வலப்பக்கம் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பட்டராலேயே உருட்டலாம். மணற்குழியில் பந்து சிக்கினால் பின்பக்கமாக வெளியே எடுப்பதே பல சமயம் அறிவு. இந்த மைதானத்தில் கேடி ஒருவரை அமர்த்துவது செலவுக்குத் தகுந்த பயன் தரும். எங்கே அடிக்கக் கூடாது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஓல்ட் கோர்ஸில் ஆட ஹேண்டிகேப் சான்று வேண்டும். உச்ச வரம்பு 36. முன்பு ஆண்களுக்கு 24 என இருந்தது தளர்த்தப்பட்டது அதிக ஹேண்டிகேப்காரர்களுக்குப் பெரிய வரம். மாமாவோ மைத்துனரோ இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே தம் கிளப்பிலிருந்து சான்றை வாங்கிவரச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஆறு மைதானங்களுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வெளியேயும் இதே அளவுகோல்கள் செல்லும். ஃபைஃபின் தென்கரையில் உள்ள ஈலியில் பார் ஐந்து குழியே கிடையாது. பதினாறு பார் நான்கும் இரண்டு பார் மூன்றும்தான். முதல் டீயின் எதிரே மேடு மறைப்பதால், முன்னால் ஆடுபவர்கள் விலகிவிட்டார்களா என்று பார்க்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் பெரிஸ்கோப்பை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். விருந்தாளி அதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருப்பார். கிரெயிலின் பால்கோமி மைதானம் 1895இல் ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்தது. நீளம் குறைவு, கடல் எப்போதும் கண்ணில் படும். எடின்பரோ பக்கம் போகும் நாளில் மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸ் உண்டு. குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருக்கும் அந்த ஒன்பது குழிகளில் 1874 முதல் 1889 வரை ஆறு ஓப்பன் போட்டிகள் நடந்தன. வரலாற்றை நேசிக்கும் புதியவருக்கு அது எளிதில் கிடைக்கும் பரிசு.

கார்னூஸ்டியின் முதன்மை மைதானத்தைப் பார்வையாளராகப் பார்ப்பதே போதும். 1999 ஓப்பனில் ஜான் வான் டி வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்து, பாரி ஓடையில் பந்தை விட்டு, ஏழு ஷாட் எடுத்துப் பட்டத்தை இழந்தார். உலகத்தரத்தினரையே தடுமாற வைத்த குழி அது. அதன் அருகிலேயே இருக்கும் பர்ன்ஸைடு மைதானம் நீளம் குறைந்தது. அதே மண்ணையும் அதே காற்றையும் அங்கே அனுபவிக்கலாம்.

காலநிலை இந்தத் தேர்வையெல்லாம் மாற்றக்கூடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைமைதானங்களில் பழகியவருக்கு மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் போய்ப் பழக்கம். கடல்மட்டத்தில், எதிர்க்காற்றில், அதே மட்டை வெகுவாகக் குறைத்தே கொடுக்கும். காற்று பலமான நாளில் நியூ கோர்ஸுக்குப் பதில் ஸ்ட்ராத்டைரம் என்று மாற்றிக்கொள்ளத் தயங்கக் கூடாது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலை ஆட்டத்துக்கும் நேரம் கிடைக்கும். கூட்டம் குறைந்த அந்த நேரம் மெதுவாக ஆடுபவருக்கு நல்லது.

ஆடும் முறையையும் மைதானத்தோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாட்டுகளை எண்ணிக் கூட்டினால் ஒரு குழியில் அடித்த பன்னிரண்டு நாள் முழுவதையும் கெடுத்துவிடும். 1932இல் வாலஸி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு போட்டியாக நடத்திய புள்ளிமுறையில், கெட்டுப்போன குழிக்குப் பூஜ்யம் போட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். ஹேண்டிகேப் சலுகையும் சேரும்போது அதிக ஹேண்டிகேப்காரர் வீட்டுக்காரரையே வெல்ல வாய்ப்பு உண்டு. குழுவின் வேகமும் குறையாது.

நான்கைந்து நாள் தங்கும் விருந்தாளிக்கு ஹிமாலயாஸ், பால்கோவ், ஸ்ட்ராத்டைரம், ஈடன் அல்லது ஈலி என்ற வரிசை பொருந்தும். ஓல்ட் கோர்ஸுக்கு ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு குலுக்கல் நடக்கும். இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து பெயர் கொடுக்கலாம். தினமும் பெயர் கொடுத்து வைத்து, சீட்டு விழும் நாளில் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். சீட்டு விழாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர்மக்களுக்கு அது பூங்கா. அன்று மட்டையும் சான்றும் இல்லாமலே பதினெட்டுக் குழிகளையும் நடந்து பார்க்கலாம். ஹெல் மணற்குழியின் ஆழத்தை நேரில் பார்த்தவர், அடுத்த முறை சீட்டு விழும்போது எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பதை அறிந்தே வருவார்.