தெளிந்த நீரும் தூய நீரும்

திருவிவிலியத்தில் கிணறுகள் வெறும் நீர்நிலைகள் அல்ல. தலைமுறைகளின் உறவும் உரிமையும் அவற்றில் ஊறுகின்றன. ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்டு, பெலிஸ்தியரால் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்ட கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டினார். தந்தை விட்டுச்சென்ற கிணற்றையும் மகன் புதிதாகப் பேண வேண்டியிருக்கிறது என்பதே அந்நிகழ்ச்சி எனக்குக் கற்பிக்கும் பாடம்.

நம் முன்னோர் தண்ணீரைச் சோதித்தறியாதவர்கள் அல்லர். பருப்பு வேகிறதா, சவர்க்காரம் நுரைக்கிறதா, நாவில் உவர்க்கிறதா என்று பார்த்தனர். நீரின் கடினத்தையும் உப்பையும் அறிய அவை நல்ல வழிகளே. ஆனால் நோய்க்கிருமியும் நைட்ரேட்டும் புளோரைடும் கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பற்களைக் கறைப்படுத்தி எலும்புகளைப் பாதித்த புளோரைடு, தெளிந்த நீரில்தான் கரைந்திருந்தது.

மழைக்காலம் ஓய்ந்ததும் எங்கள் கிணற்று நீரைச் சோதிக்க விரும்பினேன். அதற்கென்றே விற்கப்படும் சிறு குப்பியினுள் மருந்து தோய்ந்த தாள் ஒன்று இருக்கும். குறியிட்ட அளவுவரை நீரை நிரப்பி, மூடி வைத்துவிட வேண்டும். மலக்கழிவோடு வரும் நுண்ணுயிர்கள் இருந்தால், அவை உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் நீர் கறுக்கும். மறுநாள் மாலைக்குள் எங்கள் குப்பி கறுத்துவிட்டது.

அண்டை வீட்டார் நால்வரும் எங்கள் கிணற்றில்தான் நீர் மொள்கின்றனர். யாருக்கும் சொல்லாமல் மருந்திட்டுவிட்டால் போதாதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. ஆனால் அன்று மாலையும் குடங்கள் வருமே! வீடு வீடாகச் சென்று சொன்னேன். “தம்பி, இந்தத் தண்ணியில பொங்கித்தான் ஏழு பிள்ளைங்கள வளத்தேன்” என்றார் ஒரு மூதாட்டி. அவர் கூறியதும் உண்மையே. கிணறு மாறவில்லை, பனைகள் நின்ற இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன, வீட்டுக்கொரு கழிவுத் தொட்டியோடு. அவற்றுள் ஒன்று எங்களுடையது.

எல்லா வீட்டிலும் நீரைக் கொதிக்க வைத்தோம். கிணற்றை இறைத்து, சுவர் வெடிப்பைப் பூசி, பிளீச்சிங் பவுடர் இட்டு, மீண்டும் சோதித்தோம். எனினும் குப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கொதிக்க வைத்தால் கிருமி மடியும். நைட்ரேட்டும் புளோரைடும் நீங்கா. நீர் வற்றும் அளவுக்கு அவற்றின் செறிவு கூடவே செய்யும். ஆகவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திற்கும் மாதிரி கொடுத்தோம். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது. புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை ஏற்கப்படும். 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றுகூடக் காணப்படலாகாது.

தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தமது ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் வலியுறுத்தினார். அவ்வுரிமையை அரசிடம் கேட்கும் நாம், நம் கிணற்றில் மொள்ளும் அயலாருக்கும் அதை வழங்கக் கடமைப்பட்டவர்கள். உறங்குமுன் ஆன்ம சோதனை செய்யப் பழகிய நமக்கு, வெளித்தெளிவு உள்தூய்மைக்குச் சான்றாகாது என்பது புதிய செய்தியன்று. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருக் கிணறுகளைச் சோதித்து, முடிவை மறைக்காமல் பகிர்ந்துகொண்டால், அதுவும் பிறரன்புப் பணியே.