மகளுக்கு ஒரு வீடு

எங்கள் பகுதியில் பெண் பிள்ளை பிறந்த அன்றே வாப்பாவின் தலையில் ஒரு வீடு ஏறிவிடும். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நீண்ட நாள் வழக்கம். நானும் கணவரும் பதினொரு வருடமாகக் கல்லும் சீமெந்துமாகச் சேர்த்து, சாய்ந்தமருதில் மகளுக்கு ஒரு வீடு கட்டினோம். கலியாணம் முடிந்து இரண்டு வருடந்தான் அவள் அதில் இருந்தாள். மருமகனுக்கு வேலை கிடைத்து அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸுக்குப் போய்விட்டார்கள். திறப்பு என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போய் ஜன்னல்களைத் திறந்து, பெருக்கிவிட்டு வருவேன்.

சென்ற வருடம் மகளின் மூன்றாவது பிரசவத்துக்காக நானும் அங்கு போனேன். நகரின் வடகிழக்கே மோர்ஸ் றோட்டுக்கு அண்மையில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. பிள்ளைக்கு நாற்பது முடிந்த மறுநாள் மகள் மெல்லக் கேட்டாள்:

"உம்மா, ஊரில இருக்கிற ஊட்ட வித்தா என்ன? அந்தக் காசோட இங்க ஒரு ஊடு எடுக்கலாம்."

நான் பதில் சொல்லவில்லை. வுழூச் செய்ய நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போய்விட்டேன்.

ஆனாலும் சனிக்கிழமைகளில் அவர்களோடு வீடு பார்க்கப் போகத் தவறவில்லை. கொலம்பஸ் வேகமாக வளரும் நகரம். 2010 கணக்கெடுப்பில் 787,033 ஆக இருந்த சனத்தொகை 2020 இல் 905,748 ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் இன்டெல் கொம்பனி நகருக்கு வடகிழக்கே பெரிய கணினிச் சில்லுத் தொழிற்சாலை கட்டப் போவதாக அறிவித்தது. தொழிற்சாலை தாமதமானாலும் காணி விலை தாமதிக்கவில்லை என்று மருமகன் சொல்லிச் சிரித்தார்.

நகரின் நடுவுக்குத் தெற்கே ஜெர்மன் வில்லேஜ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஜெர்மன் குடியேறிகள் கட்டிய செங்கல் வீடுகளும் செங்கல் பதித்த தெருக்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன. பார்த்துவிட்டு வரலாம், வாங்க நமக்குக் கட்டாது. வடக்கே கிளின்டன்வில்லில் மர நிழலும் முன்விறாந்தையுமாகப் பழைய வீடுகள். எனக்குப் பிடித்தவை அவைதான். ஆனால் பழைய வீடென்றால் நிலவறையில் ஈரம் இருக்கிறதா, கூரை எத்தனை வருடம் தாங்கும் என்றெல்லாம் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். மேற்கிலும் வடமேற்கிலும் ஹில்லியர்ட், டப்ளின் போன்ற புறநகர்கள். புதிய வீடுகள், பெரிய புல்தரைகள். ஆனால் ஒரு றாத்தல் பாண் வாங்கவும் கார் வேண்டும்.

நகரின் கிழக்குப் பக்கம் போனபோது மருமகன் ஒரு பெருந்தெருவைக் காட்டினார். 1960 களில் அது போடப்பட்டபோது கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்பை ஊடறுத்துச் சென்றதாம். அதற்கும் முன்பு, வசதியான சில புறநகர்களின் காணி உறுதிகளில் கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். அப்படியான நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்று உயர்நீதிமன்றம் 1948 இல் தீர்ப்பளித்தது. இனம், மதம் பார்த்து வீடு மறுப்பதை 1968 இன் சட்டம் தடை செய்தது. இன்று பர்தா அணிந்த என் மகள் விரும்பிய தெருவில் வீடு கேட்க முடிகிறதென்றால், அந்த மக்கள் பட்ட பாட்டின் பலனும் அதில் உண்டு.

வீட்டைவிடப் பாடசாலையே அங்கு பெரிய கேள்வி. எந்தப் பாடசாலை வட்டாரத்தில் வீடு இருக்கிறதோ அங்கேதான் பொதுவாகப் பிள்ளைக்கு இடம். பாடசாலைச் செலவில் பெரும் பங்கு வீட்டு வரியிலிருந்து வருவதால், விலை கூடிய வீடுகள் உள்ள இடத்தில் பாடசாலையும் வசதியாக இருக்கும். வீட்டு வரியில் இப்படி அளவுக்கு மீறித் தங்கியிருப்பது பிழையென்று ஒஹாயோ உயர்நீதிமன்றமே 1997 இல் சொல்லியிருந்தும் அந்த ஏற்றத்தாழ்வு முற்றாக நீங்கவில்லை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நகர எல்லைக்குள் இருந்தும் புறநகர்ப் பாடசாலை வட்டாரத்தைச் சேர்ந்த வீடுகள் சில பகுதிகளில் இருக்கின்றன. மருமகன் கண் வைத்தது அவற்றில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே வட்டி. ஒரு இலட்சம் டொலரை ஏழு வீத வட்டிக்கு முப்பது வருடக் கடனாக எடுத்தால் மாதம் சுமார் 665 டொலர் கட்ட வேண்டும். முடிவில் கட்டியது இரண்டு இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்துக்கும் மேல்! "ஊடு இல்லாட்டியும் பரவாயில்ல உம்மா, இது மட்டும் வேணாம்" என்று மகள் உறுதியாக இருந்தாள். அவள் தைரியத்துக்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

அமெரிக்க முஸ்லிம்கள் இதற்கு வேறு வழி தேடியிருக்கிறார்கள். நிறுவனமும் குடும்பமும் கூட்டாக வீட்டை வாங்குகின்றன. குடும்பம் மாதாமாதம் நிறுவனத்தின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி, மீதிப் பங்கைப் பாவிப்பதற்கு வாடகை கொடுக்கிறது. மாதக் கட்டணம் வங்கிக் கடனைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. இதை ஏற்கும் உலமாக்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. மருமகன் ஒப்பந்தத்தை எடுத்துப் போய் ஓர் ஆலிமோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். ஆரம்பத்தில் நம் பங்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சுமை குறையும். அதற்குத்தான் ஊர் வீட்டுக் காசு.

என் மனம் மட்டும் இளகவில்லை. அது இளகியது அடுத்த வீட்டுக்காரியால்.

1990 களிலிருந்து கொலம்பஸில் சோமாலிய முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கிறார்கள். மகளின் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு தாய். பிரசவம் முடிந்து மகள் வீடு வந்த அன்று, ஏலம் போட்ட தேநீரும் சம்பூசாவும் கொண்டு வந்தார். மூத்த பிள்ளைகள் இருவரையும் பாடசாலை பஸ்ஸுக்குக் கூட்டிப் போனதும் அவரே. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஸலாம் ஒன்றுதான் பொது. ஒருநாள் அவர் மகள் ஆங்கிலத்தில் சொல்ல, என் மகள் தமிழில் சொன்னாள்: "அவங்கட ஊட்டுத் திறப்பு இன்னும் அவங்கட பெட்டிக்குள்ள இருக்காம் உம்மா. யுத்தத்தில ஊடு போயிட்டுது. திறப்பு மட்டும் மிச்சம்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் எங்கள் ஊருக்குள் புகுந்து எத்தனை வீடுகளை வாரிச் சென்றது! சுவரை நம்பியா நாம் இருக்கிறோம்? மகளுக்கு வீடு கொடுத்தேன் என்று ஊருக்குச் சொன்னேன்; உண்மையில் அவளை இழுத்து வருவதற்கான கயிறாகவல்லவா அந்தத் திறப்பை வைத்திருந்தேன்?

ஸுபஹுக்குப் பிறகு சொன்னேன்: "அது உன்ட ஊடு மகள். வித்துக்க. ஆனா புது ஊடு எடுக்க முந்தி அக்கம்பக்கத்தையும் போய்ப் பார்."

அயலவர் உரிமை பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். அயலவர் என்றால் முஸ்லிம் அயலவர் மட்டுமல்ல. மேற்குப் பக்கம் அவர்கள் தேர்ந்த வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு மாடிச் சிறு வீடு. நகர எல்லைக்குள் இருந்தாலும் ஹில்லியர்ட் பாடசாலை வட்டாரம். 2006 இல் திறந்த நூர் இஸ்லாமிய நிலையத்துக்குக் காரில் போய்வரலாம். அடுத்த கதவில் தனியாக வாழும் வயதான அமெரிக்கப் பெண். மகள் குழந்தையோடு போய்த் தன்னை அறிமுகம் செய்தபோது, அவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு கதிரையைக் காட்டினாராம். அல்ஹம்துலில்லாஹ், அது போதும் என்று எனக்குப் பட்டது. சோமாலியத் தாயைப் பிரிவதுதான் பெரிய குறை.

ஊர் திரும்பியதும் வீட்டை விற்றோம். வாங்கியவர்களும் ஒரு மகளுக்காகத்தான் வாங்கினார்கள். கடைசி வெள்ளிக்கிழமை போய்ப் பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, அந்தக் கலியாணப் பெண்ணின் உம்மாவின் கையில் பிஸ்மில்லாஹ் சொல்லித் திறப்பைக் கொடுத்தேன்.