நிழலை அளந்து பார்த்தேன்

கருணாபுரம்,
கள்ளக்குறிச்சி.
9.11.2025

அன்புள்ள ஏழுமலைக்கு,

மாமா எழுதுவது. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்பாய், பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். கடிதம் என்றால் ராத்திரி கேம்ப்பில் படுத்தபடி இரண்டு தடவையாவது படிப்பாய். வெண்ணிலா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். போன மாதம் துபாயிலிருந்து லொகேஷன் அனுப்பினாயே, கூட ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? வெண்ணிலா அதைத் தொட்டு, சேட்டிலைட் படத்துக்கு மாற்றி உன் அம்மா கையில் கொடுத்திருக்கிறாள். புள்ளி நிற்கிற இடத்தில் வெறும் மண். முப்பது மாடி என்று சொன்னாய், ஒரு சுவரைக்கூடக் காணோம். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான், பிள்ளையைப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டாள். விடிந்தும் விடியாமல் என் வீட்டு வாசலில் நின்றாள். அத்தை காபி போட்டுக் கொடுத்தாள், அதுவும் ஆறிப் போயிற்று.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். விஷயம் சாதாரணம்தான். அந்தப் படம் இன்றைக்கு எடுத்தது இல்லை. வரைபடத்தில் நாம் பார்ப்பது வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளை ஒட்டுப்போட்டது. சில துண்டு போன வருஷத்தது, சில துண்டு அதற்கும் முந்தியது. உன் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் எடுத்த துண்டு அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். சொன்னேன், அவள் நம்பவில்லை. விரலால் படத்தை நகர்த்தி, "பக்கத்துல இருக்கறதெல்லாம் சாஞ்சு கெடக்குதேண்ணா, இதுலயா ஏறி வேலை செய்யறான்?" என்று அடுத்த பயத்துக்குப் போய்விட்டாள். பார்த்தால் நிஜமாகவே ஒரு வரிசை கிழக்கே சாய்ந்திருக்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது மேற்கே சாய்ந்திருக்கிறது.

தண்ணீர்ச் சொம்பை அவள் காலடியில் வைத்தேன். நேர் மேலே குனிந்து பார்க்கச் சொன்னேன். வாய் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. அரை அடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். சொம்பின் வயிறு தெரிந்தது, வாய் ஒரு பக்கமாக நகர்ந்த மாதிரி இருந்தது. "சொம்பு சாஞ்சிருக்கா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற செயற்கைக்கோள் எல்லா இடத்துக்கும் நேர் மேலே வந்து நின்று படமெடுப்பதில்லை. போகிற போக்கில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து எடுக்கிறது. உயரமான கட்டடமாக இருந்தால் உச்சி ஒரு பக்கமும் அடி ஒரு பக்கமும் விழும். இரண்டு நாள் படத்தை ஒட்டினால் இரண்டு பக்கமும் சாயும்.

அதற்கப்புறம்தான் அந்தக் கோடு என் கண்ணில் பட்டது. உன் புள்ளிக்குப் பக்கத்தில், மண்ணின் மேல் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிசாக ஒன்று, அதன் நுனியில் குறுக்கே இன்னொன்று. கிரேனின் நிழல். ஆளே இல்லாத பாலைவனத்தில் கிரேன் எதற்கு நிற்கப் போகிறது? அதைக் காட்டிய பிறகுதான் உன் அம்மா மூச்சு விட்டாள்.

எட்டாம் வகுப்பில் உங்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், குச்சியை நட்டு, அதன் நிழலையும் வேப்பமரத்தின் நிழலையும் அளக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீதான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினாய். அதையேதான் இந்தப் படத்திலும் செய்தேன். உன் புள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டவர் இருக்கிறது, உயரம் 150 மீட்டர் என்று போட்டிருந்தது. அதே படத்தில் அதன் நிழல் 135 மீட்டர். உன் கிரேனின் நிழல் 54. கணக்கு உனக்கே தெரியும். கிரேன் 60 மீட்டர். தஞ்சாவூர் விமானம் 216 அடி என்பார்கள், அதைவிடக் கொஞ்சம் குட்டை. கட்டடம் அதையும் தாண்டி எழும்பியிருக்கும் இப்போது. நீ அந்த உயரத்தில் நிற்கிறாய் என்பதை எனக்குச் சொன்னது அந்த 54 மீட்டர்க் கோடுதான். அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தஞ்சாவூர் என்றதும் இன்னொன்று. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நம் பக்கம் எல்லாரும் சொல்வார்கள், வாத்தியார்களே வகுப்பில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேட்டிலைட் படத்தில் பார், கோயில் முற்றத்தில் கருகருவென்று விழுந்து கிடக்கிறது. படமெடுக்கிற செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் காலை பத்து, பத்தரைக்கு ஊரைக் கடக்கிற மாதிரி விட்டிருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான படங்களில் நிழல் மேற்குப் பக்கமாகத்தான் கிடக்கும். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலுக்கு இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை. நிழல் விழுகிறது என்று சொன்னால் அதன் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் ஊர் புர்ஜ் கலீஃபாவையும் பார்த்தோம். 828 மீட்டர். மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் விரிந்த பூ மாதிரி இருக்கிறது. வெண்ணிலா அதைத்தான் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். மார்கழி உச்சிவேளையில் அதன் நிழல் 900 மீட்டருக்கு மேல் போகும், நடந்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. ஆனியில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடுவதால் நிழல் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் மச்சானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்ததை போனில் சொன்னேன் அல்லவா. புதுப் பாலத்தில்தான் ரயில் போனது, இந்த வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. உன் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தவள், மண்டபத்திலிருந்து பாம்பன் வரைக்கும் விடவில்லை. வீட்டுக்கு வந்து படத்தில் காட்டினேன். 1914-இல் போட்ட பழைய ரயில் பாலமும் அதை ஒட்டிப் புதுப் பாலமும் நூல் பிடித்த மாதிரி, பக்கத்தில் 1988-இல் திறந்த ரோட்டுப் பாலம். கப்பல் வந்தால் புதுப் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே தூக்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் அதெல்லாம் ஒன்றும் தெரியாது. "இந்தக் கோட்டுமேலயா போனோம்?" என்றாள். காஷ்மீரில் செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே போட்டிருக்கிறார்களே, அந்தப் பாலமும் இப்படி ஒரு கோடுதான். உயரத்தை மறைத்துவிடுகிறது படம். அதனால்தான் எனக்கு இந்தப் படங்களைப் பார்க்கும்போது பிரமிப்பை விடக் கவலைதான் கூடுகிறது, ஏழுமலை. அந்தக் கோட்டின் மேல் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்க ஒருவன் தொங்கியிருப்பான். அவன் எதிலும் தெரியமாட்டான்.

உன் அம்மாவும் அதைத்தான் கேட்டாள்: புதுப் படம் வந்தால் நீ தெரிவாயா என்று. நம் இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் வரை பிரித்துப் பார்க்கும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26, மறுநாள் காலையில்தான் அதை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள், அதனால் எனக்கு அந்தத் தேதி மறக்காது. அதிலேயே ஆளை மேலிருந்து பார்த்தால் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். தெரியமாட்டான் என்று சொல்ல மனசு வரவில்லை. "ஹெல்மெட் மஞ்சளா இருந்தா தெரியலாம்" என்றேன். பொய்தான். நீ காட்டிக் கொடுத்துவிடாதே.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு அவள் நம் ஊரையும் பார்க்க வேண்டும் என்றாள். கல்வராயன் மலை பச்சையாக, மடிப்பு மடிப்பாக வந்தது, அடிவாரத்தில் கோமுகி அணை, அதிலிருந்து மணல் வெள்ளையாக ஆறு. நம் தெருவைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வீடுகள் தீப்பெட்டி மாதிரி நெருக்கி அடுக்கிக் கிடக்கின்றன. கடைசியில் உங்கள் வீட்டைப் பார்த்தாள். வாசலில் நீலமாக ஒரு சதுரம். மச்சான் கட்டிய தார்ப்பாய், ஏழுமலை. கல்யாண மண்டபத்து வேலையில் மீந்தது என்று கொண்டுவந்து, ஒரு மூலைக்குக் கயிறு பத்தாமல் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினாரே, அதே தார்ப்பாய்.

2024 ஜூனில் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான் பெஞ்சு போட்டு மச்சானைக் கிடத்தினோம். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்த நாட்களில், நம் தெருவில் எந்த வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பது என்றே தெரியவில்லை. காரியம் முடிந்து நீதான் அதை அவிழ்த்துச் சுருட்டினாய். ஆனால் படத்தில் அது இன்னும் இருக்கிறது. அந்தத் துண்டு 2024-க்கு முன்னால் எடுத்தது. துபாய்ப் படம் பழசு என்று அழுதவள், இந்தப் படம் பழசு என்று சொன்னதும் போனை மார்போடு வைத்துக்கொண்டாள். "அப்ப இதுல அவரு உள்ள ஒக்காந்திருக்காரு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து தினமும் சாயங்காலம் வெண்ணிலாவிடம் போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாள்.

ஒருநாள் புதுப் படம் வரும், அந்த நீலம் போய்விடும். அதனால் நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் அதைப் பெரிதாக்கி கலரில் எடுத்து லேமினேஷன் போட்டேன். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தில் பழைய தேதிக்கு நகர்த்திப் பார்க்கிற வசதி இருக்கிறது, அதையும் வெண்ணிலாவுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ கடனை நினைத்து ஓவர்டைம் பார்ப்பது தெரியும். வட்டிக்காரருக்கு இந்த மாதம் நான் கொடுத்துவிட்டேன், அதைப் பற்றிப் பேச்செடுக்காதே. உன்னிடம் கேட்பது இரண்டு விஷயம்தான். பெல்ட்டின் இரண்டு கொக்கியையும் மாட்டு. ஒன்றைக் கழற்றி நகரும்போது மற்றொன்று மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார், கண்ணை நம்பாதே. குளிர்காலத்தில் அங்கே காலையில் பனிமூட்டம் இறங்குமாம், சாரம் ஈரமாக இருக்கும். யார் அவசரப்படுத்தினாலும் அது காய்ந்த பிறகு ஏறு. வேலை போனால் போகட்டும், மாமா இருக்கிறேன்.

இன்னொன்று, உன் கட்டடத்தைக் கீழேயிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எந்த மாடியில் நிற்கிறாய் என்று விரலால் காட்டி எடு. இந்த லீவு நாளிலேயே அனுப்பு, அம்மா அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

உன் மாமா