மதகு நீரும் மின்னோட்டமும்

அளத்தல் என்பது கடைத்தெருவுக்கு மட்டும் உரிய தொழிலன்று. மரக்காலும் கோட்டையும் கொண்டு நெல்லளந்த நெல்லைச் சீமையில் நீரும் அளந்தே பகிரப்படுகின்றது. மணிமுத்தாற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர் நாம். அணையின் நீர்மட்டம் 118 அடியை எட்டுமா என்பதே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எம் வீட்டுப் பேச்சாக இருக்கும்.

அணை நிலவரத்தில் இருவகை எண்கள் உண்டு. ஒன்று இருப்பு, மணிமுத்தாறு அணையின் முழுக் கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. மற்றொன்று, நொடிக்கு இத்தனை கன அடி என்னும் வரத்தும் வெளியேற்றமும். முன்னது தொகை, பின்னது வேகம். எழுத்தறியா உழவரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

மின்வேதியியல் கற்க வரும் மாணவர் பலர் இடறுவதோ இவ்விடத்தில்தான். ஆம்பியர் என்பதை மின்சாரத்தின் தொகை என்று எண்ணிவிடுகின்றனர். ஆம்பியர் மதகில் பாயும் நீரின் வேகம் போன்றது. கூலூம் வயலில் சேர்ந்த நீர் போன்றது. ஓர் ஆம்பியர் ஒரு நொடி பாய்ந்தால் சேர்வது ஒரு கூலூம்.

இத்தொகைக்கும் பொருளின் எடைக்கும் உள்ள உறவை வகுத்தளித்தவர் மைக்கேல் ஃபாரடே, ஆண்டு 1834. ஏறத்தாழ 96,485 கூலூம் பாய்ந்தால் 107.9 கிராம் வெள்ளி படியும், செம்பாயின் 31.8 கிராம். இந்த உறுதியை நம்பியே, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலிருந்து நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டமே ஓர் ஆம்பியர் என 1908-இல் உலக மாநாடு வரையறுத்தது. 1948-இல் அவ்வரையறை மாறியது. 2019 முதல் எலெக்ட்ரானின் மின்னூட்டமே அதற்கு அடிப்படை.

தலைமதகில் திறந்த நீரெல்லாம் கடைமடையைச் சேர்வதில்லை அன்றோ? மின்கலத்திலும் அவ்வாறே. செம்புக் கரைசலில் 2 ஆம்பியர் மின்னோட்டத்தை அரைமணி நேரம் செலுத்தினால் 3,600 கூலூம். கணக்குப்படி 1.19 கிராம் செம்பு படிதல் வேண்டும். நிறுத்துப் பார்க்கையில் 1.13 கிராமே இருப்பின், மின்னோட்டத் திறன் ஏறத்தாழ 95 விழுக்காடு. எஞ்சியது ஹைட்ரஜன் வெளியேறுதல் போன்ற பக்கவினைகளில் செலவாகியிருக்கக்கூடும்.

பாயும் பரப்பும் கருதத்தக்கது. பெருவயலில் பரவும் நீர் பயிரை வளர்க்கும். அதே நீர் சிறுபாத்தியில் பாய்ந்தால் மண்ணை அரிக்கும். சிறு தகட்டில் மிகுதியான மின்னோட்டம் செலுத்தினால் உலோகம் சொரசொரப்பாகவும் பொடியாகவும் படிகின்றது. ஆகவேதான் முலாம் பூசுவோர் ஆம்பியரோடு நில்லாமல், பரப்பால் வகுத்த மின்னோட்ட அடர்த்தியை நோக்குகின்றனர்.

இத்துறைக்கெனத் தமிழகத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பெற்றது. அதன் வாயில் எம் சிற்றூர் மாணவர்க்கும் உரியதே. தமிழ்வழிப் பயின்றோம் என்னும் அச்சத்தால் அவர்கள் விலகி நிற்கலாகாது. நொடிக்கு எத்தனை கன அடி என்று திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தவர்க்கு ஆம்பியர் அயலான கருத்தன்று.

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது ஒன்றே: அம்மீட்டர் முள் காட்டும் எண்ணோடு அமையாதீர், தகட்டைக் கழுவி, உலர்த்தி, நிறுத்துப் பாருங்கள். நீர் வந்ததா என்பதைக் கடைமடை உழவரிடம் கேட்பதே முறை.