உலைச் சூடு

சோற்றுக்கு வைப்பதும் உலை. கொல்லன் ஊதுவதும் உலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று எனக்குக் கொல்லிமலையில் தோன்றியது.

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டுக்கு அப்பால் ஒரு வீட்டில் தங்கினோம். கிழவி ஒருத்தி சாமைச் சோறு வடிக்க உலை வைத்திருந்தாள். பானையில் நுரை கட்டுவதற்கு முன்பே விறகை வெளியே இழுத்தாள். "இப்பவே ஏன் ஆயா?" என்றேன். "பொங்கினப்புறம் இழுத்தா அடுப்பு கேக்குமா, தம்பி? கல்லுல சூடு நிக்குதுல்ல!"

உடன் வந்த நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வடக்கே சிலிக்கன் படிகம் வளர்க்கும் உலைக்கூடத்தில் பல வருஷம் இருந்தவர். நம் பக்கத்திலும் அந்தத் தொழில் இல்லாமலில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உருவான முறைப்படி, 1980-களில் மேட்டூரில் மெட்கெம் நிறுவனம் சிலிக்கன் தயாரித்தது.

சிலிக்கன் 1414 டிகிரியில் உருகும். குழம்பில் ஒரு விதைப் படிகத்தைத் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் தூக்குவார்கள். கூடவே படிகம் வளரும். வழிகாட்டியவர் போலந்துக்காரர் சொக்ரால்ஸ்கி. 1916-ல் மைக்கூடு என்று நினைத்து, உருகிய வெள்ளீயத்தில் பேனாவைத் தோய்த்துவிட்டாராம். எடுத்தபோது நிப்பில் உலோக இழை தொங்கியதாம். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கைத்தவறும் லாபம் தந்ததில்லை!

சூடு சற்று ஏறினால் படிகம் இளைக்கும், இறங்கினால் பெருக்கும். தொல்லை என்னவென்றால், உலை உடனே பதில் சொல்லாது. மின்சாரத்தைக் குறைத்தாலும் உள்ளே தேங்கிய சூடு மெல்லத்தான் தணியும். புதிதாக வந்தவன் பொறுக்கமாட்டான், மேலும் குறைப்பான். குறைத்ததெல்லாம் பிறகு சேர்ந்து வந்து நிற்கும். பதறி ஏற்றுவான். சூடு ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். அதனால் கட்டுப்பாட்டு யந்திரம் இப்போதுள்ள பிசகை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை சேர்ந்த பிசகையும், அது மாறுகிற வேகத்தையும் பார்க்கிறது. அந்த வேகத்தைப் பார்ப்பதுதான் கிழவி செய்த காரியம்.

நண்பரும் ஓர் இரவு பொறுக்கமாட்டாமல் விசையைத் திருகியிருக்கிறார். ஒற்றைப் படிகம் பாதியில் பல படிகமாக உடைந்து வளர்ந்துவிட்டது. அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை.

அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருக்கிறார். நானும் பார்த்திருக்கிறேன். விதைப் பக்கம் நாலு விரற்கடைக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதற்குக் கீழே உடைத்த கற்கண்டு போல ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு பக்கம் பார்த்து மின்னுகிறது.