சபரகமுவப் பயணம் - 4: பல் மட்டும் மிஞ்சும் மண்

இரத்தினபுரியில் கலவானை பஸ் ஏறினால் நிவித்திகல. வழியெல்லாம் இறப்பர் தோட்டம், தேயிலை, இடையிடையே வயலுக்குள் மாணிக்கக் குழிகள். மழை விட்டபாடில்லை.

தோட்டத்து மயானத்தில் குழி வெட்டும் பெரியவரைச் சந்தித்தேன். "பழைய குழியத் திரும்பத் தோண்டினா என்னய்யா கெடைக்கும்?"

"என்னங்க கெடைக்கும்? மண்ணு கறுத்துப் போய் இருக்கும். எலும்பு தொட்டா மாவாயிரும். பல்லு மட்டும் அப்புடியே கெடக்குமுங்க."

தடயவியல் மருத்துவர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஈரவலயத்துச் செம்மண்ணில் அமிலம் அதிகம். ஓயாத மழைநீர் எலும்பின் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். அது லேசில் அசையாது. ஒரு காலத்தில் இலங்கையில் சிங்கம் வாழ்ந்ததென்று 1939இல் தொல்லுயிரியலாளர் பி.ஈ.பி. தெரணியகல அறிவித்ததும் குருவிட்டப் பக்கம் கிடைத்த பற்களை வைத்துத்தான்.

புதைக்காமல் கிடக்கும் உடலின் கணக்கு வேறு. இந்த வெக்கையில் சில மணி நேரத்துக்குள் ஈ முட்டையிட்டுவிடும்; புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதிலிருந்து இறந்து எத்தனை நாள் என்று கணிப்பார்கள். ஆழப் புதைத்தால் ஈ அண்டாது, அழுகல் மெதுவாகும். நீர் தேங்கிய களிமண்ணில் காற்றும் புகாது. அங்கே கொழுப்பு சவர்க்காரம்போல் இறுகி, உடலின் உருவத்தை வருடக்கணக்கில் காத்து வைப்பதும் உண்டு. மேடும் வயலும் குழியுமாகக் கிடக்கும் இந்த ஓர் ஊருக்குள்ளேயே எத்தனை கணக்கு!

இடத்தைப் பார்க்காமல் உடலை மட்டும் பார்த்தால் நிபுணரும் சறுக்குவார். 1977இல் அமெரிக்காவின் டென்னசியில், குலைக்கப்பட்ட ஒரு கல்லறையில் கிடந்த உடலில் சதை இருந்ததால், இறந்து ஓராண்டுக்குள் இருக்கும் என்றார் மானிடவியலாளர் வில்லியம் பாஸ். அது 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட கர்னல் ஷையின் உடல். பதப்படுத்தி, இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பின்னர் பாஸ், தானமாக வந்த உடல்களைத் திறந்த நிலத்தில் கிடத்தி, அவை சிதைவதை நாள்தோறும் குறித்துவைக்கும் ஆய்வுக்களத்தை நாக்ஸ்வில் நகரில் தொடங்கினார்.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. இதே இரத்தினபுரி மாவட்டத்தின் சூரியகந்தவில் 1994 ஜனவரியில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டது. 2012இல் தொடங்கி மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிப்பட்டன. கூடக் கிடைத்த பொருட்களை வைத்து, 1986-1990 காலத்தவை என்றார் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் சோதனையோ 1950க்கு முந்தியவை என்றது. எண்பதுகளின் கடைசியில் காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு இந்த இடைவெளி சிறியதா?

டென்னசியில் அளந்தது டென்னசி மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தும். நிவித்திகல மண்ணை நிவித்திகலவில்தான் அளக்கவேண்டும். எந்த மேட்டில் எத்தனை வருடத்தில் எலும்பு கரைகிறது என்று அந்தப் பெரியவர் குழிக்குக் குழி சொல்கிறார். சட்ட வைத்திய அதிகாரிகள் ஒரு கொப்பியோடு வந்து அவர் பக்கத்தில் உட்காரலாம்.

அடுத்து குருவிட்ட, பட்டதொம்பலென குகை. இதே மாவட்டம், இதே மழை; ஆனாலும் ஏறக்குறைய 28,000 ஆண்டுக்கு முந்திய மனித எலும்புகள் அங்கே நிலைத்தது எப்படி?

(பயணம் தொடரும்)