29 நிமிடம் 59 விநாடியில் நிற்கும் கேமரா

தாலி கட்டும் நேரத்தில் வீடியோ நின்றுபோனால் அந்தக் காட்சி திரும்பக் கிடைக்காது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள பயம் இது. கேமரா ஏன் தானாக நிற்கிறது என்று நேரில் பார்க்க, சென்னை வடபழனியில் கேமரா வாடகைக்கு விடும் ஒரு கடைக்குப் போனேன். சர்வீஸ் பார்க்கும் அண்ணன் மேசைமேல் சில கேமராக்களை எடுத்து வைத்தார்.

முதலில் 2008-ல் வந்த கேனன் 5டி மார்க் 2. ரெக்கார்டிங் பட்டனை அழுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். முழு ஹெச்டியில் சுமார் 12 நிமிடம் ஓடி நின்றது. “கார்டுல இடம் இருக்கு சார். ஃபைல்தான் 4 ஜிபி ஆயிடுச்சு” என்றார். கார்டில் ஃபைல்களைச் சேமிக்கும் ஃபேட்32 முறையில் ஃபைலின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் மட்டுமே உண்டு. 4 ஜிபியைத் தாண்டிய எண் அதில் அடங்காது.

அடுத்து 2012-ல் வந்த மார்க் 3. இது 4 ஜிபி ஆனதும் புது ஃபைலைத் தானே தொடங்கிவிடுகிறது. ஆனாலும் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். இதற்குக் காரணம் சுங்க வரி. குறைந்தது 800க்கு 600 பிக்சலும் விநாடிக்கு 23 ஃபிரேமும் உள்ள வீடியோவை 30 நிமிடம் தொடர்ந்து எடுக்க முடிந்தால், ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தியது. ஸ்டில் கேமராவுக்கு வரி கிடையாது. வீடியோ கேமராவுக்கு இருந்தது. அதனால் ஒரு விநாடி முன்னதாகவே நிறுத்தும்படி, கேமராவை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் எழுதிவைத்தார்கள். பானசோனிக் ஜிஹெச்4 கேமராவில் ஐரோப்பிய மாடலுக்கு மட்டும் இந்த வரம்பு இருந்தது என்பதே இதற்குச் சான்று. 2015-ல் உலக வணிக அமைப்பில் ஏற்பட்ட உடன்பாட்டால் 2019-க்குள் அந்த வரி படிப்படியாக நீங்கியது. புதிய கேமராக்கள் பலவற்றில் வரம்பும் போய்விட்டது.

கடைசியாக ஒரு புதிய மிரர்லெஸ் கேமராவில் 4கே ஓடவிட்டார். “கை வெச்சுப் பாருங்க சார்” என்றார். நன்றாகவே சுட்டது. சென்சாரும் பிராசஸரும் கக்கும் வெப்பம், தூசியும் நீரும் புகாதபடி மூடிய உடலுக்குள் தங்கிவிடுகிறது. கேனன் ஆர்5 2020-ல் வந்தபோது, 23 டிகிரி வெப்பநிலையில் 8கே சுமார் 20 நிமிடம்தான் எடுக்கலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 2022-ல் ஆர்5 சி மாடலுக்கு மின்விசிறி வைத்தார்கள். ஹோமப் புகையும் ஃபோகஸ் லைட்டும் சேர்ந்த நம் மண்டபத்தில் 23 டிகிரிக்கு எங்கே போவது?

வெப்பத்தால் வரும் வரம்பு நியாயமானது; கருவியைக் காப்பது. வரிக்காக வைத்த வரம்பு அப்படியல்ல. பயனர்களே உருவாக்கிய மேஜிக் லேன்டர்ன் மென்பொருள், நின்ற ரெக்கார்டிங்கைத் தானே மறுபடி தொடங்கும் வசதியைப் பழைய கேனன் கேமராக்களுக்குத் தந்தது. வரியே போன பிறகு, இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கேமராக்களுக்கும் அந்த வரம்பை நீக்கும் ஃபர்ம்வேரை நிறுவனங்கள் தரவேண்டும்.

கேமரா வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் மூன்றைக் கேளுங்கள்: ஃபைல் 4 ஜிபியில் என்ன ஆகும், நேர வரம்பு உண்டா, நம்மூர் வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? முகூர்த்தத்துக்கு முந்தின நாளே முழு நேரமும் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.